வரப்பில் வைத்த நாற்று

மகள் வீட்டுக்குக் கனடா வந்திருக்கிறேன். வெளியே இன்னும் பனி. இங்கே கோடை மூன்று மாதக் கூத்துதான். அதற்குள் காய் பறிக்க வேண்டுமென்று வீட்டுக்குள்ளேயே விளக்கு போட்டுத் தக்காளி நாற்று வளர்க்கிறாள். நேற்று நெருக்கமாக முளைத்ததைக் களையச் சொன்னாள். விரலில் ஒட்டிய பச்சை வாடையை முகர்ந்தேன். முனுசாமி முகம் வந்தது. இத்தனை வருஷமாகியும் பல்லைக் கடித்தேன். கட்டிய பல் என்பதால் மெதுவாக.

எங்கள் ஊர் சத்தியவேடு பக்கம். எல்லை பிரித்து ஊரை ஆந்திராவோடு சேர்த்த சமயம். எனக்கு இருபது வயது. நைனாவும் நானும்தான் பயிர் வைத்தோம். எங்களுக்கும் தக்காளிக் காலம் குறுகியதுதான். ஐப்பசி மழையில் நாற்று அழுகும், சித்திரையில் கிணறு வற்றும். அதனால் கூரையில் கண்ணாடி ஓடு பதித்து, அதன் கீழே உடைந்த சட்டிகளில் விதைத்தேன். வெளிச்சம் நகர நகரச் சட்டிகளையும் நகர்த்துவேன். ஊரே சிரித்தது.

மழை விட்டதும், வெயிலுக்குப் பழகட்டும் என்று சட்டிகளை வரப்பில் வைத்தேன். அன்றைக்கென்று நிலம் அளக்கப் புது அதிகாரி வந்திருந்தார். பக்கத்து நிலத்து முனுசாமி அவரிடம் தெலுங்கில் ஏதோ சொன்னான். வரப்பும் தன்னுடையது, நாற்றும் தன்னுடையது என்றானாம். எங்களுக்குத் தெலுங்கு வாயில் வராது. அதிகாரி தலையாட்டிவிட்டுப் போனார். முனுசாமி சட்டிகளை வண்டியில் ஏற்றினான்.

"நாப்பது நாளா வளத்துக்கினு இருந்தேண்ணா" என்றேன்.

"தெலுங்கு கத்துக்கினு வந்து கேளு."

அந்த வருஷம் நைனா கூலிக்குப் போனார்.

நான் தெலுங்கு கற்றேன். மறு வருஷம், கத்தரி நாற்று என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டுச் சுண்டை விதைத்து, அதே வரப்பில் வைத்தேன். இளசில் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். நினைத்தபடியே சட்டிகள் காணாமல் போயின. முனுசாமி நட்டதையும் எரு போட்டதையும் தண்ணீர் இறைத்ததையும் தினம் போய்ப் பார்த்தேன். அவ்வளவு ருசியாக நான் எதையும் பார்த்ததில்லை. செடி முள்ளோடு தலைக்கு மேல் போனபிறகு வாசலில் வந்து நின்றான்.

"இன்னா நாத்து வெச்ச நீ?"

என் நாற்று உன் நிலத்துக்கு எப்படி வந்தது என்று தெலுங்கிலேயே கேட்டேன். தெருவே கேட்டுச் சிரித்தது. சாகும்வரை அவன் சுண்டைக்காய் முனுசாமி.

சாவுக்குப் போனேன். மன்னித்து அல்ல, நேரில் பார்த்து நிச்சயப்படுத்திக்கொள்ள.

இப்போது அங்கே கம்பெனி மதில். எங்கள் கிணறும் அவன் நிலமும் சிமெண்டுக்கு அடியில். தெருவில் அன்று சிரித்தவர்களில் ஒருவரும் இல்லை. எனக்குக் கோபம் அப்படியே இருக்கிறது. பங்கு கொள்ளத்தான் ஆளில்லை.