நான் கபூல் சொன்ன கிட்டார்

பேய்க் கதை என்றால் நடுச்சாமம் வேண்டும், நாய் ஊளையிட வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள் இப்போதே எழும்பிப் போகலாம். எனக்கு நடந்தது அந்தி நேரத்து மஃரிப் பாங்குக்குச் சற்று முன்னர். திருகோணமலை உள்துறைமுக வீதியில், என்னுடைய கடையில், வெளியே ஆட்டோக்கள் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில். இதில் ஒரு சொல்கூட நான் கட்டியதில்லை. கட்டுவதென்றால் என்னையே இவ்வளவு பெரிய மடையனாகக் கட்டியிருக்க மாட்டேன்.

என் பெயர் சஜீத். ரேடியோ, ஸ்பீக்கர், அம்ப் திருத்துகிறவன். போன மாரியில் ஒருநாள் என் கூட்டாளி நஸ்ரி ஒரு சாக்கைத் தூக்கிக்கொண்டு கடைக்குள் வந்தான். பள்ளிக்கூட நாளிலிருந்து கூட்டாளி. கூடப் பிறந்தவனைவிட நெருக்கம் என்று நானே பலரிடம் சொல்லித் திரிந்திருக்கிறேன். சாக்குக்குள் ஒரு பழைய எலக்ட்ரிக் கிட்டார். தந்தி இல்லை. பெயர் இல்லை. வள்ளத்துக்கு அடிக்கிற கறுத்த பெயின்ற்றை யாரோ தடிப்பாகப் பூசியிருந்தார்கள்.

"எங்கால மச்சான் இது?"

"அம்ராட மாமா வீட்டு முகட்டுக்குள்ள கிடந்தது. கிண்ணியாவில. முப்பது வருசமா ஆரும் தொடல்ல. உனக்குத்தான்."

அம்ரா அவனுடைய மனைவி. நான் தலையை நிமிர்த்தாமல், "வைச்சிட்டுப் போ," என்றேன்.

"அப்பிடியில்ல. நான் தந்திட்டன். நீ கபூல் எண்டு வாயால சொல்லு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கபூல் என்றால் ஏற்றுக்கொண்டேன் என்று அர்த்தம். நிக்காஹ்வில் சொல்வோம், காணி பூமி கைமாறும்போது சொல்வோம். உளுத்த கிட்டாருக்கு யார் சொல்வது? அதுவும் என்னிடம் வாங்கிப்போன ஸ்குரூ டிரைவரைக்கூடத் திருப்பித் தராத பயல் இவன். ஆனால் அவன் சிரிக்கவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"கபூல், கபூல். போதுமா?"

ஊற்றி வைத்த தேத்தண்ணியைக்கூடக் குடிக்காமல் போய்விட்டான்.

கிட்டாரைத் திருப்பிப் பார்த்ததும் அதன் சாதி தெரிந்தது. ஒட்டுப்பலகை உடம்பு. முன்னால் வரிசையாக நாலு சுவிட்ச். கழுத்தின் பின்தகட்டில் ஜப்பான் என்று ஆங்கில எழுத்து. அறுபதுகளில் மலிவாகச் செய்து உலகமெல்லாம் அனுப்பிய சாமான். கப்பல்காரர் விற்றுவிட்டுப் போன சில எங்கள் பக்கமும் கிடந்தன. மலிவென்றாலும் அதன் பிக்கப்புக்குத் தனிக் குணம் உண்டு. பிக்கப் என்பது தந்தியின் அதிர்வைப் பிடிக்கிற துண்டு. காந்தமும், அதைச் சுற்றிய மயிர் போன்ற செப்புக் கம்பியும்தான் அது. மலிவுப் பிக்கப்புக்குள் மெழுகு ஊற்றியிருக்க மாட்டார்கள். அதனால் கிட்டாரின் உடம்பில் நகத்தால் தட்டினாலும் ஸ்பீக்கரில் கேட்கும். கிட்ட நின்று கதைத்தாலும் கேட்கும்.

பிக்கப்பின் மூடியைக் கழற்றினேன். காந்தம் முழுக்கக் கறுத்த மணல்.

அந்த மணலை எனக்குத் தெரியும். புல்மோட்டைக் கடற்கரை மணல். சின்ன வயதில் உடைந்த ஸ்பீக்கரின் காந்தத்தை நூலில் கட்டி அங்கே இழுப்போம். தாடி மாதிரி ஒட்டிக்கொண்டு வரும். கிண்ணியா வீட்டு முகட்டுக்குள் அது எப்படி ஏறியது?

நஸ்ரிக்குப் போன் எடுத்தேன். "காத்துக்கு வந்திருக்கும்," என்று சொல்லி வைத்துவிட்டான். புல்மோட்டையிலிருந்து கிண்ணியாவுக்கு, ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். நல்ல காற்றுத்தான்.

தூரிகையால் சுத்தமாகத் துடைத்து மூடி வைத்தேன். மறுநாள் திறந்தால், மணல். திரும்பத் துடைத்தேன். அதற்கு மறுநாளும் மணல். இந்த முறை ஈரமாக… சரியாகத் துடைக்கத் தெரியாதவன் என்று என்னையே ஏசிக்கொண்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை பெயின்ற்றைச் சுரண்டினேன். அடியில் சிவப்பு. பிறகு கழுத்தைக் கழற்றினேன். அது பொருந்துகிற பொந்துக்குள் ஒரு தகட்டுத் துண்டு. பால்மா டின்னில் வெட்டியது. அதில் ஆணியால் கீறிய மூன்று எழுத்துகள்.

ச. ந. ர.

கீறியது நான்.

சஜீத், நஸ்ரி, ரஞ்சன். நாங்கள் மூவரும் கலியாண வீடுகளில் வாசித்த காலம் ஒன்று இருந்தது. நஸ்ரி டிரம்ஸ். ரஞ்சன் இந்தச் சிவப்புக் கிட்டார். நான் சத்தம் பார்ப்பேன். கழுத்து சரிந்தபோது தகடு வைத்து நிமிர்த்திக் கொடுத்தது நான்தான்.

ரஞ்சன் சல்லிக் கிராமத்துப் பெடியன். 2012இல் படகில் ஆஸ்திரேலியாவுக்குப் போனான். படகு புல்மோட்டைப் பக்கமிருந்து. நஸ்ரிதான் கூட்டிக்கொண்டு போனான். "கிட்டாரையும் கட்டிப்பிடிச்சுக்கொண்டுதான் ஏறினவன். என்ர கண்ணால பார்த்தனான்," என்று வந்து சொன்னான். பிறகு ரஞ்சனிடமிருந்து ஒரு போன்கூட இல்லை. "அவன் பெரிய ஆளாகிட்டான், எங்கள மறந்திட்டான்," என்று நஸ்ரி சொல்லச் சொல்ல, நானும் நம்பினேன். ரஞ்சனின் அம்மா இன்றைக்கும் கோயிலில் அவன் பேருக்கு அர்ச்சனை செய்கிறார்.

கிட்டாரோடு படகில் ஏறியவனின் கிட்டார் என் மேசையில் எப்படிக் கிடக்கும்?

நஸ்ரிக்குப் போன் எடுத்தேன். எடுக்கவில்லை. திரும்ப எடுத்தேன். நிறுத்தி வைத்திருந்தான்.

ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. என்றாலும் கை வேலையைத்தான் தேடியது. கழுத்தைப் பூட்டினேன். தந்தி போடவில்லை. பிக்கப் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வயரை அம்ப்பில் குத்தினேன். மழை தொடங்கியது. வெளிச்சம் மங்கியது.

ஸ்பீக்கரில் ஒரு இரைச்சல்… கடல் மாதிரி. பழைய சாமான், அப்படித்தான் இரையும் என்று நினைத்தேன்.

டக்… டக்… டக்.

நிமிர்ந்தேன். என் கை கிட்டாரில் இல்லை.

பாட்டுத் தொடங்க முன்னர் ரஞ்சன் கிட்டாரின் உடம்பில் நகத்தால் மூன்று முறை தட்டுவான். எங்களுக்கு அதுதான் அடையாளம்.

டக்… டக்… டக்.

கூரை ஒழுகுகிறதா என்று பார்த்தேன். மேசை காய்ந்து கிடந்தது.

இரைச்சல் நின்றது.

யாரோ மூச்சு எடுக்கிற சத்தம்… மிகக் கிட்ட.

"நஸ்ரி…?"

ரஞ்சனின் குரல்.

"நான்… சஜீத்," என்றேன்.

பிறகு மெல்ல…

"நஸ்ரி வரல்லையா?"

"இல்ல."

மணல் சரிகிற சத்தம்.

"அப்ப… நீ வா."

பள்ளிவாசலில் பாங்கு தொடங்கியது. வயரைப் பிடுங்கி எறிந்தேன். ஷட்டரை இறக்காமலே ஓடினேன்.

மறுநாள் நல்ல வெயில் ஏறி, தெருவில் சனம் நடமாடத் தொடங்கிய பிறகுதான் கடைக்குள் கால் வைத்தேன். மீட்டரை எடுத்துப் பிக்கப்பை அளந்தேன். முள் அசையவில்லை. கம்பியைச் சுற்றி ஒட்டியிருந்த நாடாவையும் பிரித்துப் பார்த்தேன். செப்புக் கம்பி இருந்த இடத்தில் பச்சைத் தூள். உப்பு அதைத் தின்று முடித்து எத்தனையோ வருடம் இருக்கும். அந்தக் கிட்டாரிலிருந்து எந்தச் சத்தமும் வந்திருக்க முடியாது.

அது எப்படி என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அன்றைக்கு அது எனக்குத் தேவைப்படவும் இல்லை. எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று. நஸ்ரி தெரிந்துகொண்டுதான் இதை என் கையில் தந்தானா?

கிட்டாரைத் தோளில் போட்டுக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். அம்ரா கதவைத் திறந்தாள். என்னை அண்ணன் முறையாக நானா என்று கூப்பிடுகிறவள், கிட்டாரைக் கண்டதும் பின்னுக்குப் போனாள்.

"அத உள்ளுக்குக் கொண்டுவராதீங்க நானா."

"நஸ்ரி எங்க?"

"படுத்திருக்கார். எழுப்ப வேணாம். எத்தின வருசத்துக்குப் பிறகு இப்பதான் நித்திரை கொள்ளுறார்."

உள்ளறையிலிருந்து குறட்டைச் சத்தம் வாசல்வரைக்கும் கேட்டது.

"இது ஆருட கிட்டார் எண்டு உங்களுக்குத் தெரியுமா?"

"எனக்கு ஒண்டும் தெரியாது நானா. ரெண்டு தரம் கடல்ல கொண்டுபோய்ப் போட்டவர். ரெண்டு தரமும் விடிய வாசல்ல கிடந்தது. வேற ஆரும் வாயால ஏத்துக்கொண்டாத்தான் எங்கள விட்டுப் போகும் எண்டு ஒரு ஆள் சொன்னாராம்." அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "சஜீத்திட்டக் குடுப்பம், அவன் நான் கேட்டு எதையும் இல்லையெண்டு சொன்னதில்ல எண்டார்."

முதல்நாள் அந்தக் குரலைக் கேட்டபோதுகூட எனக்கு இப்படி வலிக்கவில்லை. வாசலில் நின்றபடியே உரக்கக் கேட்டேன்.

"நஸ்ரி. ரஞ்சனை நீ படகில ஏத்தினனியா, இல்ல அந்தப் புல்மோட்டை மணலுக்குள்ள விட்டிட்டு வந்தனியா?"

குறட்டை சட்டென்று நின்றது.

காத்திருந்தேன். உள்ளே கட்டில் ஒருமுறை கிரீச்சிட்டு அடங்கியது. என் தோளில் கிடந்த கிட்டார், தந்தி இல்லாத கிட்டார், மூன்று முறை தட்டியது. அம்ரா இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

அவன் வெளியே வரவில்லை.