ஏற்றத்தில் இழுக்காத வண்டி

தெருவில் அவளை எல்லோரும் டர்போக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கோபம் வந்தால் நின்ற இடத்திலிருந்தே எகிறுவாள் என்று அவளுடைய அண்ணன் வைத்த பெயர் அது. கார் பட்டறையை இருவரும் சேர்ந்துதான் ஆரம்பித்தார்கள். அண்ணனுக்கு கிரீஸ் வாசனையே ஆகவில்லை. ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு டாக்சி ஓட்டப் போய்விட்டான். ஆனால் வண்டியில் சின்னக் கோளாறு என்றாலும் தங்கையிடம்தான் வருவான். அவள் சொன்னால் மறுபேச்சு கிடையாது.

அப்படித்தான் அன்றும் வந்தான். "ஏத்தத்துல மிதிச்சா சில சமயம் இழுக்கவே மாட்டேங்குது. மூச்சடைச்ச மாதிரி ஆயிடுது."

அவள் ஏர் ஃபில்டரை மாற்றினாள். இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போவின் சக்கரத்தை விரலால் சுற்றிப் பார்த்தாள், ஆட்டமில்லை. குழாய்களைத் தடவித் தடவி விரிசல் தேடினாள். இன்ஜினை உறுமவிட்டுக் கேட்டாள். எல்லாம் ஒழுங்காக இருந்தன. "ஒண்ணுமில்லண்ணே, தைரியமா ஓட்டு" என்று சாவியைக் கொடுத்தாள்.

மறுநாள் ஒரு டேங்கர் லாரியை முந்தும்போது வண்டி பொசுக்கென்று அடங்கிவிட்டது. எதிரே பஸ். ஆக்சிலேட்டரை எவ்வளவு அழுத்தினாலும் வேகம் ஏறவில்லை. பின்சீட்டில் ஒரு கர்ப்பிணியும் அவளுடைய அம்மாவும். பஸ் டிரைவர் மட்டும் சுதாரித்து மண்ணில் இறக்கியிராவிட்டால் அவ்வளவுதான். ஒருவருக்கும் கீறல்கூட விழவில்லை.

அண்ணன் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியபோது அவன் முகத்தில் ஈயாடவில்லை. பேசியதெல்லாம் அண்ணிதான்.

"நீ சொன்னத நம்பித்தானே அவர் ஓட்டினாரு?"

பக்கத்து டயர் கடைக்காரர் சமாதானம் செய்ய வந்தார். "டர்போவையே மாத்திப் போட்டுடும்மா. தொல்லை விட்டுது."

"எது கெட்டுச்சுன்னே தெரியாம ஒண்ண மாத்திட்டு, மறுபடியும் ஓட்டுன்னு சொல்லவா?" என்று எகிறினாள் அவள்.

பட்டறையில் நிற்கும்போது சமர்த்தாக இருக்கிற வண்டி, பாரம் ஏறினால்தான் மக்கர் பண்ணுகிறது. அப்படியானால் பாரத்தோடு ஏற்றத்தில் விட்டுத்தான் பார்க்க வேண்டும். டிக்கியில் மணல் மூட்டைகளை அடுக்கினாள். டர்போ தள்ளும் காற்றின் அழுத்தத்தைக் காட்டும் மீட்டரை உள்ளே கொண்டுவந்து அண்ணன் கையில் கொடுத்தாள். தன் போனில் விளக்கைப் போட்டு, வீடியோவை ஓடவிட்டு, பானெட்டுக்கு அடியில் குழாய்களைப் பார்த்தபடி கம்பியால் இறுகக் கட்டினாள். திரும்பிப் பார்த்தால் பின்சீட்டில் அண்ணி.

"நீ எதுக்குடி?" என்றான் அண்ணன்.

"நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வர்ற வரைக்கும் இங்க என்னால உக்காந்திருக்க முடியாது."

ஸ்டியரிங்கை டர்போக்காவே பிடித்தாள். மலைச்சாலையின் முதல் வளைவு தாண்டியதும் அழுத்தி மிதித்தாள். பின்னால் ஒரு லாரி நெருக்கமாக வந்துகொண்டிருந்தது.

"ஏறுது... ஏறுது..." முள்ளையே பார்த்துக்கொண்டிருந்த அண்ணனின் குரல் திடீரென்று உடைந்தது. "விழுதுடீ!"

வண்டி தொய்ந்தது. லாரியின் ஹாரன் காதைக் கிழித்தது. அண்ணியின் விரல்கள் அவள் தோளில் பதிந்தன.

"காலை எடு! ஓரம் கட்டு!"

"கொஞ்சம் இருண்ணே." உள்ளங்கை வியர்த்து ஸ்டியரிங் வழுக்கியது. ஆனாலும் காலை எடுக்கவில்லை. போனில் விழவேண்டியது விழுந்திருக்கும் என்று மனதுக்குப் பட்ட பிறகே ஓரம் கட்டினாள். லாரி உரசுகிற மாதிரி கடந்து போனது.

மூன்று தலைகளும் போனின் மேல் கவிழ்ந்தன. ஃபில்டரிலிருந்து டர்போவுக்குக் காற்று போகிற தடித்த ரப்பர் குழாய், வண்டி ஏற ஏற நடுவில் ஒடுங்கியது. பிறகு சப்பென்று ஒட்டிக்கொண்டது. காலை எடுத்ததும் எதுவுமே நடக்காதது போல உருண்டையாக எழுந்து நின்றது.

"அடப்பாவி!" என்றாள் அண்ணி, குழாயைப் பார்த்து.

எண்ணெய்ப் புகை பட்டுப் பட்டு ரப்பர் ஊறிப் போயிருந்தது. டர்போ பலமாகக் காற்றை உறிஞ்சும்போது மட்டும் அது தாங்கவில்லை. சும்மா உறுமவிட்டபோது அந்த அளவுக்கு உறிஞ்சவில்லை. அதனால்தான் அவள் கண்ணில் படவில்லை.

புதுக் குழாய் போட்டதும் அதே மூட்டைகளோடு மறுபடி ஏறினார்கள். இந்த முறை அண்ணன் ஓட்டினான். மீட்டர் அவள் மடியில். முள் ஏறியது, ஏறிய இடத்திலேயே நின்றது. முன்னால் ஒரு லாரி முக்கிக்கொண்டு போனது. எதிரே சாலை காலி. அண்ணன் முந்தவில்லை. அவளும் முந்து என்று சொல்லவில்லை.

உச்சியில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி, டிக்கிக்குப் பின்னால் போய் நின்றான். தோள்கள் குலுங்குவது கண்ணாடியில் தெரிந்தது. அவள் கதவைத் திறக்கப் போனாள்.

"விடு, அழட்டும்" என்றாள் அண்ணி. "நேத்துலேர்ந்து அடக்கி வச்சிருக்காரு." பிறகு தண்ணீர் பாட்டிலை முன்னால் நீட்டினாள். "நீ மொதல்ல குடி. காலையிலேர்ந்து பச்சத்தண்ணிகூட நீ குடிக்கல."