வத்தலோடு காய்ந்த மில்

பொம்மை ரயில் பாதையோரம் வைக்க, பிளாஸ்டிக் பாகங்களாக வரும் குட்டித் தொழிற்சாலைகளைத் தேடிச் சேர்ப்பவன் நான். பல வருடம் தேடிய நூற்பாலை, மதுரையில் ஒரு பழைய சாமான் கடையில் பெட்டி பிரிக்காமல் கிடைத்தது. ஒட்டி, பெயின்ட் அடித்து, பாளையம்பட்டி வீட்டு மாடியில் மிளகாய் வற்றலுக்கு நடுவே காயவைத்தேன். எதையும் வெயிலில் போட்டே பழகிய ஊர். சிவப்புக் காட்டுக்குள் ஓர் ஆலை! பார்த்தபடியே கதவோர நிழலில் கண்ணயர்ந்தேன். கனவில் மில் சங்கு ஊத, ரயில் வந்து நின்றது.

"ஏங்க, எந்திரிங்க! வத்தலைக் கிளறிவிட வந்தா, உங்க மில்லு உருகுது!"

மனைவி அதற்கு, வத்தல் அள்ளும் சொளகைக் குடையாகப் பிடித்திருந்தாள். சுவர்கள் தப்பின, புகைபோக்கி மட்டும் சாய்ந்துவிட்டது.

இப்போதெல்லாம் புதிதாக ஒட்டுவதைக் கட்டிலுக்கு அடியில்தான் காயவைக்கிறேன். புகைபோக்கியை நிமிர்த்தவில்லை. மில்லும் என்னைப்போல் கண்ணயர்ந்து நிற்பதாகத் தோன்றும். அந்த இடத்தில் மட்டும் ரயிலை மெதுவாக ஓட்டுகிறேன்.