மருதமுனைத் தறியும் வெட்டாத படமும்

கல்முனைப் பக்கம் படமெடுக்க எங்கே தொடங்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் மருதமுனையைத்தான் சொல்வேன். எண்பதுகளின் தொடக்கத்தில், கொழும்பில் புகைப்படக்கலை படித்தபோது, ஆண்டிறுதிக் கண்காட்சிக்கு ஒரு படம் தேடி நான் போன ஊர் அது. கல்முனையிலிருந்து மட்டக்களப்பு வீதியில் வடக்கே இரண்டரை மைல் இருக்கும். பஸ் தாமதமானால் நடக்கலாம், நான் நடந்தேன்.

சட்டகத்துக்குள் தேவையற்றது எதுவும் இருக்கக் கூடாது, ஒரு படத்துக்கு ஒரு பொருள் போதும் என்பது வகுப்பில் படித்த பாடம். தெருவெல்லாம் தறிச் சத்தம். ஒரு கொட்டிலில் ஹபீபா என்ற பெண் இடுப்பில் உடுக்கும் சாறன் நெய்துகொண்டிருந்தார். அவரிடமும் அருகிலிருந்த அவருடைய அண்ணனிடமும் கேட்டுவிட்டு, நூலின் மேல் ஓடிய கைகளை மட்டும் நெருங்கிக் குறிவைத்தேன்.

“என்ன தம்பி, கமரா கையை விட்டு மேல வருகுதில்ல? மூஞ்சி சரியில்லையா?” என்றார் ஹபீபா.

“ஊர் கதைக்கும் புள்ள,” என்றார் அண்ணன்.

“கதைக்கட்டும் நானா,” என்றார் அண்ணனிடம். “நாம நெய்யிற சாறன் கொழும்புக் கடையில ஆருட பேரிலயோ விக்குது. நெய்யிறவட மூஞ்சியும் ஒருக்காப் போய்ப் பாக்கட்டுமே.” முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தார். “எடுங்க தம்பி. ஆனா வெட்டப்படாது.”

“அப்ப நான் காவலுக்கு நிக்கிறன்,” என்று அண்ணன் குனிந்து எட்டிப் பார்த்தார். அந்த நொடியில் அழுத்திவிட்டேன்.

கொழும்பில் என் ஆசிரியர், சோதனை அச்சின்மேல் சிவப்புப் பென்சிலால் ஒரு கட்டம் போட்டார். கட்டத்துக்குள் கைகள் மட்டும். முகமும், மூலையில் நுழைந்திருந்த அண்ணனின் மொட்டைத்தலையும் வெளியே. “இப்படி வெட்டினால் முன்சுவரில் தொங்கும். இல்லையென்றால் எங்கும் தொங்காது.”

அவர் போட்ட கட்டம் அழகானதுதான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் பெண் கேட்டது ஒன்றே ஒன்று. வெட்ட மாட்டேன் என்றேன். கண்காட்சியில் எல்லோருடைய படமும் தொங்கியது, என்னுடையதைத் தவிர.

முழுப்படத்தையும் பெரிதாக அச்சிட்டு எடுத்துக்கொண்டு மறுபடி மருதமுனைக்குப் போனேன். ஹபீபா அதைத் தறிக்கு மேலே மாட்டச் செய்து, தள்ளி நின்று பார்த்தார்.

“எல்லாம் நல்லம் தம்பி. நானாட மொட்டையை மட்டும் வெட்டியிருக்கலாமே?”

“வெட்டப்படாது எண்டு நீங்கதானே சொன்னீங்க?”

“ஓம், என்னையல்லவா சொன்னன்!”

அண்ணன் சிரித்த சிரிப்பில் பக்கத்துத் தறியும் நின்றுவிட்டது.

போகிறவர்கள் காலையிலேயே போங்கள். கடல் பக்கத்து வெளிச்சம் அப்போதுதான் கொட்டிலுக்குள் விழும். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை நேரத்தைத் தவிருங்கள். எடுக்கலாமா என்று கேட்கும்போதே எதை வெட்டலாம் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பிற்காலத்தில் பத்திரிகைக்காக எத்தனையோ படங்களை வெட்டியிருக்கிறேன். இந்தப் படத்தைக் கேட்கும் பதிப்பாசிரியர்கள் இன்றும் முதலில் கைவைப்பது அந்த மூலையில்தான். மொட்டையோடு போடுவதானால் போடுங்கள் என்பேன்.