வாயை முகர்ந்து பார்க்கிறவள்

அமலோற்பவத்துக்கு எங்கள் ஊரில் ஒரு கேலிப்பெயர் உண்டு: மோப்பக்காரி. தெருவில் எவனாவது சரிந்து கிடந்தால் போதும், மீன்கூடையை இறக்கிவைத்துவிட்டு, குனிந்து அவன் வாயை முகர்ந்து பார்ப்பாள். சாராய நெடி அடித்தால் நாலு வசவு விட்டுவிட்டு நடையைக் கட்டுவாள். அடிக்காவிட்டால் கத்திக் கூப்பாடு போட்டுத் தெருவையே கூட்டிவிடுவாள். இதைப் பார்த்துப் பல்லைக் காட்டுகிறவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சிரிக்கிறதுக்கு முன்னால் நடந்ததைக் கேளுங்கள்.

எழுபத்து மூன்றாம் வருஷம். சாராயக் கடைகள் திறந்திருந்த காலம். அவள் புருஷன் ரோச் சங்கு குளிக்கிறவன். மூச்சடக்கி இறங்கிச் சங்கு அள்ளுவதில் சூரன். கரையேறினால் குடியிலும் சூரன். ஆனால் எங்கள் கடற்கரையில் ஒரு வழக்கம். சாம்பல் புதனன்று கோயிலில் நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டு, தபசு காலம் முடிந்து ஈஸ்டர் வரும்வரை சொட்டுக்கூடத் தொடுவதில்லை என்று குடிகாரர்கள் சிலுவையைத் தொட்டுச் சத்தியம் செய்வார்கள். பாதிப்பேர் தாக்குப்பிடிக்காமல் திருட்டுத்தனமாக ஊற்றிக்கொண்டு அகப்படுவார்கள். அகப்பட்டவனை ஊரே ஓட்டி எடுத்துவிடும். ரோச்சும் வருஷா வருஷம் அகப்பட்டவன்தான். அந்த வருஷம் மட்டும் வைராக்கியமாக இருந்தான்.

ஒருநாள் மத்தியானம் முங்கி எழுந்து வள்ளத்தில் ஏறியவன், தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

"ஏலே சிலுவை, மண்டை பொளக்குதுலே. இப்படி ஒரு வலி எனக்கு வந்ததே இல்ல."

சிலுவை அவனோடு குளிக்கிற சேக்காளி. முங்குகிறவர்களுக்குத் தலைவலி என்ன புதிதா? "வெயிலுதாம்லே, செத்த படு" என்று சொல்லிவிட்டான்.

கரையில் இறங்கியபோது ரோச்சுக்கு வலது கால் இழுத்தது. நாலடி வைத்து மணலில் விழுந்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான், நாக்கு குழறியது. அவ்வளவுதான், எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள்.

"எங்கலே ஒளிச்சு வச்சிருந்த? சாமியாருக்குத் தெரிஞ்சா தோலை உரிச்சிருவாரு!"

தெளியட்டும் என்று தலையில் கடல்தண்ணீரை ஊற்றி, வள்ளத்து நிழலில் கிடத்திவிட்டுச் சங்கை இறக்கப் போய்விட்டார்கள். மடப்பயல்கள்!

மீன் விற்றுக்கொண்டிருந்த அமலோற்பவத்தின் காதுக்கு, 'ஒம் புருஷன் சத்தியத்தை முறிச்சிட்டான்' என்ற செய்தி வெயில் தாழ்ந்துதான் வந்தது. கொதித்துப்போய் ஓடினாள். கொஞ்ச நேரத்தில் அவள் போட்ட அலறலில் நாங்கள் எல்லாரும் பதறிக்கொண்டு ஓடினோம்.

"பாவிகளா, இவன் குடிக்கலலே! வாயில வாடையே இல்லலே!"

அப்போதுதான் ரோச்சின் முகத்தைச் சரியாகப் பார்த்தோம். வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது.

குதிரை வண்டியில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தோம். வாசலில் நின்ற ஆள் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கையை விரித்து மறித்தான்.

"குடிகாரனுக்கெல்லாம் இது சத்திரமா? தெளிஞ்ச பெறவு கூட்டிட்டு வா."

அமலோற்பவம் அவனைத் தள்ளிய தள்ளில் அவன் சுவரில் போய் மோதினான். சத்தம் கேட்டு டாக்டர் வெளியே வந்தார். அவள் புருஷன் தலையைத் தூக்கி அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"ஐயா, மோந்து பாருங்க. தலைவலின்னுதான் சொல்லியிருக்கான். ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும், மோந்து பாருங்கய்யா!"

அந்த மனுஷன் குனிந்து முகர்ந்தார். முகம் மாறிவிட்டது. ரோச்சின் வலது கையைத் தூக்கி விட்டார். அது பொத்தென்று விழுந்தது.

"தலைக்குள்ள ரத்தக்குழாய் வெடிச்சிருக்கும்மா. வலி எப்ப ஆரம்பிச்சது?"

"மத்தியானம்" என்றான் சிலுவை. விளக்கு வைக்கிற நேரம் ஆகியிருந்தது.

"இவ்வளவு நேரம் என்னய்யா செஞ்சீங்க?"

விடிவதற்குள் ரோச் போய்விட்டான்.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் சிலுவை அவள் காலைப் பிடித்துக்கொண்டு தேம்பினான்.

"மைனி, குடிச்சிருக்கான்னு நெனச்சுச் சிரிச்சிட்டோம் மைனி."

"எந்திரிலே" என்றாள் அவள். "நீ சிரிக்கத்தான செஞ்ச. நான் அங்கன வந்த வேகத்துல அவன் கன்னத்துல பளார்னு ஒண்ணு வச்சேன். அவனுக்கு நெனவு இருந்துச்சுலே. என்னையப் பார்த்து, இல்ல இல்லன்னு தலைய ஆட்டுனான்."