இரண்டு நாள் மூத்தவை

அடி அண்ணாமலை ஊர்க்காரி மணிமொழிக்கு வேங்கிக்காலில் பட்டுப்புழு முட்டை தயாரிக்கும் சின்னக் கூடத்தில் ஆறு வருடமாக வேலை. தாய்ப் பூச்சிகளைத் தாளின் மேல் விட்டு, அவை இட்ட முட்டைகளைக் குளிர் அறையில் காத்து விவசாயிகளுக்கு அனுப்ப வேண்டும். கடுகை விடச் சிறிய மஞ்சள் முட்டைகள். அவளைப் பொறுத்தவரை அவை விதைநெல் மாதிரி. வைத்த இடத்தில் கிடக்கும், நாள் வந்தால் வெளியே வரும்.

போன மே மாதம் கத்திரி வெயிலில் டிரான்ஸ்பார்மர் வெடித்தது. ஜெனரேட்டரும் கைவிட்டது. சாயங்காலத்துக்குள் அறையின் சூடு நாற்பது டிகிரியைத் தொட்டது.

"எல்லாத்தையும் எரிச்சுடும்மா. வெந்த முட்டைய விவசாயி தலையில கட்டக்கூடாது," என்றார் முதலாளி தசரதன்.

"ரெண்டு தாள் மட்டும் வச்சிக்கிறேங்க. என்னதான் ஆவுதுன்னு பாக்கறேன்."

ஒன்று அன்று விடியற்காலை இட்டது. மற்றது அதற்கு இரண்டு நாள் மூத்தது. இரண்டும் ஒரே தட்டில், ஒரே சூட்டில் கிடந்தவை.

மூத்த தாளில், முட்டையிட்ட எட்டாம் நாள் ஒவ்வொன்றிலும் கரும்புள்ளி தெரிந்தது. புழுவின் தலை. பத்தாம் நாள் காலையில் தாள் முழுக்க எறும்பு மொய்த்தது போலக் குஞ்சுப் புழுக்கள். இளைய தாளோ மஞ்சளாகவே கிடந்து, நடுவில் குழி விழுந்து வற்றியது. நானூற்றில் பதினொன்றுதான் பொரிந்தது.

மணிமொழி லென்ஸை வைத்துத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். பிறகு தசரதனின் மகள் வினோதினியைக் கேட்டாள். அவள் விலங்கியல் படித்தவள்.

"மொத நாள்ல உள்ள தலை எது, வால் எதுன்னே முடிவாகியிருக்காதுக்கா. சூட்டுல தன்னைக் காப்பாத்திக்கிற தெம்பும் அதுக்கு இல்ல. கொஞ்சம் வளந்தாதான் வரும்."

"அப்ப இதுங்க ரெண்டே நாள்ல அதைக் கத்துக்கிச்சா?"

"ஆமாக்கா."

இத்தனை வருடத்தில் எத்தனை லட்சம் முட்டைகள் மணிமொழியின் கை வழியே போயிருக்கும். சும்மா கிடக்கின்றன என்றுதான் நினைத்திருந்தாள். அந்த நேரமெல்லாம் ஒவ்வொன்றுக்குள்ளும், சத்தமே இல்லாமல், ஓர் உயிர் தன் தலையை எந்தப் பக்கம் வைப்பது என்று முடிவு செய்துகொண்டிருந்திருக்கிறது. தாளைத் தொடவே அவளுக்கு விரல் கூசியது.

மறுநாளிலிருந்து ஒவ்வொரு தாளிலும் தேதியோடு மணியும் எழுதினாள். ஜூனில் மறுபடி கரண்ட் போனபோது அன்றைக்கு இட்ட தாள்களை முதலில் எடுத்துத் தண்ணீர்ப் பானைகளுக்கு நடுவே, ஈரத்துணிக்குள் வைத்தாள்.

"அனுப்பப் போற முட்டைய முதல்ல பாரும்மா," என்றார் தசரதன்.

"அதுங்க தாங்கிக்கும்ங்க. இதுங்களுக்கு இன்னும் ஒண்ணும் தெரியாது."

அந்தத் தாள்களில் பத்துக்கு ஒன்பது பொரிந்தன.