எதிர்சாரியில் உட்கார்ந்திருந்தவர்

பண்ருட்டியிலிருந்து வந்த பொம்மைகளை வைக்கோலை விலக்கி ஒவ்வொன்றாக நான் எடுத்துத் தர, அக்கா அவற்றைத் துடைத்து, வழியில் வண்ணம் உதிர்ந்த இடங்களை மெல்லிய பிரஷ்ஷால் தொட்டுச் சரிசெய்துகொண்டிருந்தாள். நவராத்திரிக்குச் சில வாரங்களே இருந்தன. யசோதையின் புடவைக் கரையில் ஓடிக்கொண்டிருந்த பிரஷ் சட்டென்று நின்றது. நின்ற இடத்தில் சிவப்பு பெரிய பொட்டாகத் திரண்டு வழிந்தது. அக்கா பொம்மையைப் பார்க்கவில்லை. சாலைக்கு அப்பால், டீக்கடைத் தார்ப்பாயின் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஒருவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளைச் சட்டை, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, கையில் கண்ணாடி டம்ளர். பார்ப்பதற்குப் பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி இருந்தார். யார் என்று கேட்டேன். பிரஷ்ஷைத் தண்ணீரில் போட்டுவிட்டு, “பாப்பாவோட அப்பா” என்றாள் அக்கா.

மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் சாலையை ஒட்டிய அந்தக் கைவினைப்பொருள் கடையை அக்கா தனியாளாக ஆரம்பித்து நடத்தினாள். நான் சேலையூரிலிருந்து வேலைக்கு வந்தவள். சீக்கிரமே வேலைக்காரி என்ற நினைப்பு எனக்கும் போய்விட்டது, அவளுக்கும் போய்விட்டது. எங்களுக்குக் காலண்டர் தேவைப்பட்டதே இல்லை. புரட்டாசி என்றால் கொலு பொம்மை. அது முடிந்த கையோடு கார்த்திகைக்கு வண்ணம் பூசிய அகல். அகலைத் துடைத்து உள்ளே வைப்பதற்குள் சர்ச்சுக்குப் போகும் குடும்பங்கள் குடில் செட்டும் காகித நட்சத்திரமும் கேட்டு வந்துவிடுவார்கள். தை பிறந்தால் கோலம் போட்ட பொங்கல் பானை, அதன்பின் கல்யாணங்களுக்கு ஆரத்தித் தட்டும் சீர்வரிசைத் தட்டும். வெயிலில் பனையோலைக் கூடை போகும். ஆடியில் ஒன்றும் போகாது. அப்போது உட்கார்ந்து அடுத்த வருஷத்துக்கு மணி கோப்போம். அக்காவின் மகள் பாப்பா இந்தச் சரக்குகளுக்கு நடுவே வளர்ந்தவள். பள்ளிக்கூடம் விட்டதும் கடைக்கு வந்து, பொம்மைப் பெட்டியின் மேல் புத்தகத்தை விரித்துப் படிப்பாள்.

பாப்பா யூகேஜி படித்த வருஷம் அவள் அப்பா பள்ளிக்கூட வாசலிலிருந்து அவளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அக்காவை அவர் அடித்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. அவள் பிள்ளையோடு அம்மா வீட்டுக்கு வந்த சில நாட்களில் நடந்தது அது. குன்றத்தூர்ப் பக்கம் யாரோ உறவினர் வீட்டில் குழந்தையை ஒளித்து வைத்திருந்தார். கண்டுபிடித்துப் போனபோது, பாப்பா அம்மாவைப் பார்த்து அழக்கூட இல்லையாம், அழுதால் அப்பா வைவார் என்று வாயைப் பொத்திக்கொண்டு நின்றாளாம். அக்கா இதை என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். பிறகு கோர்ட்டில் விவாகரத்து ஆகி, குழந்தை அம்மாவோடு இருக்கட்டும் என்றும் தீர்ப்பானது. அதன் பிறகு அவர் வரவே இல்லை. பாப்பா எட்டாம் வகுப்புக்கு வந்த அந்தப் புரட்டாசியில்தான் டீக்கடையில் வந்து உட்கார்ந்தார்.

உட்கார்ந்தார் என்பதற்கு மேல் அவர் எதுவும் செய்யவில்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. கூப்பிடவில்லை, திட்டவில்லை. மதியத்துக்கு மேல் வருவார், பள்ளிக்கூடம் விடும் நேரம் தாண்டியதும் எழுந்து போவார். தீர்ப்பின் ஜெராக்ஸை எடுத்துக்கொண்டு நாங்கள் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். அங்கிருந்தவர் பொறுமையாகப் படித்துப் பார்த்தார். “ரோட்டுக்கு அந்தாண்ட உக்காந்து டீ குடிக்கிறாரு. இதுல நான் இன்னாம்மா கேஸ் போடுறது?” என்றார். கடைக்குள் கால் வைத்தால் உடனே போன் பண்ணச் சொன்னார். டீக்கடைக்காரருக்கும் சங்கடம்தான். டீ குடிக்க வருகிறவரை எழுந்து போகச் சொல்ல முடியுமா அக்கா என்று எங்களிடமே வந்து வருத்தப்பட்டார்.

அன்றிலிருந்து பாப்பா கடைக்கு வரவில்லை. அவள் பள்ளிக்கூடம் தண்டவாளத்துக்குக் கிழக்கே, சேலையூர்ப் பக்கம்தான் இருந்தது என்பதால், விட்டதும் நேராக எங்கள் வீட்டுக்குப் போய்விடுவாள். என் மாமியார் பார்த்துக்கொள்வார். கடையில் கூட்டம், கணக்குப் பாடத்துக்கு அங்கே நிம்மதி கிடைக்காது என்று அக்கா அவளிடம் காரணம் சொல்லியிருந்தாள். அப்பாவின் முகம் அவளுக்கு மறந்துபோயிருக்கும், நினைவுபடுத்த வேண்டாம் என்பது அக்காவின் எண்ணம்.

நவராத்திரிக் கூட்டத்தில் ஒருநாள் அவர் சாலையைக் கடந்து கடைக்குள்ளேயே வந்துவிட்டார். கொலுப்படி அகலத்துக்குப் பொம்மை தேடிக்கொண்டிருந்த பெண்களுக்கு நடுவே, மற்ற வாடிக்கையாளர்களைப் போலவே அலமாரி அலமாரியாகப் பார்த்துக்கொண்டு வந்தார். நான் போனைக் கையில் எடுத்தேன். அக்கா வேண்டாம் என்று கண்ணைக் காட்டினாள். அவர் ஒரு மரச் சொப்பு செட்டை எடுத்து அக்காவின் முன்னால் வைத்தார்.

“இது நம்ம பொண்ணுக்குப் பிடிக்குமா?”

“இது சின்னக் குழந்தைங்க விளையாடுறது” என்றாள் அக்கா. “அவ வளந்துட்டா.”

குரல் கொஞ்சமும் பிசகவில்லை. அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் ஒரு மாமி நடுவில் கையை நீட்டி, அந்தச் சொப்பு நன்றாக இருக்கிறதே, எனக்குக் கொடு என்றார். அக்கா அதை அங்கேயே காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள். பாப்பாவின் அப்பா போனபிறகு, உள்ளறைக்குப் போன அக்காவைத் தேடிப் போனேன். காலியான வைக்கோல் பெட்டியின் மேல் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் அழுத்தி வைத்திருந்தாள்.

கடையை வேறு இடத்துக்கு மாற்றிவிடலாம், பெருங்களத்தூரில் இடம் இருக்கிறது என்று நான் சொல்லிப் பார்த்தேன். அதற்கு அவள், “அங்கயும் எதிர்ல ஒரு டீக்கடை இருக்கும்” என்றாள். கார்த்திகை அகல்களுக்கு வண்ணம் பூசும்போது முதுகைச் சாலைக்குக் காட்டி உட்காருவதில்லை என்று வைத்துக்கொண்டோம். ஒருவர் சாப்பிடும்போது இன்னொருவர் வாசலில் நின்றோம். தொண்டைக்குள்ளேயே பேசப் பழகினோம். வருகிறவர்களுக்கும் அது எப்படியோ தெரிந்துவிடும்போல. பேரம் பேசாமல், உட்காராமல், வாங்கிக்கொண்டு போனார்கள்.

குடில் பொம்மைகளைக் கட்டிக்கொண்டிருந்த ஒரு நாள் விடியலிலிருந்தே விடாமல் மழை. மதியத்துக்குள் முடிச்சூர் சாலை வாய்க்கால் மாதிரி ஓடியது. கீழ்த் தட்டுப் பொம்மைகளை மேலே ஏற்றிக்கொண்டிருந்தபோது, பள்ளிக்கூடத்தை முன்னதாகவே விட்டுவிட்டதாக அக்காவின் போனுக்குச் செய்தி வந்தது. நான் வீட்டுக்குப் போன் செய்தேன். எங்கள் தெருவுக்குள் தண்ணீர் ஏறிவிட்டது, பாப்பா இன்னும் வரவில்லை என்றார் மாமியார். அக்கா என்னைப் பார்த்தாள். இருவரும் ஒரே சமயத்தில் வாசலுக்கு வந்தோம்.

பாப்பா எங்களுக்கு முன்பே யோசித்துவிட்டிருந்தாள். சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றதால் ரயில்வே மேம்பாலம் ஏறி மேற்குக்கு வந்து, நடந்தே கடைக்கு வந்துகொண்டிருந்தாள். வந்தது எதிர்சாரியில். பையைத் தலைமேல் பிடித்தபடி, இந்தப் பக்கம் கடக்க வழி பார்த்து, முடியாமல் டீக்கடைத் தார்ப்பாயின் கீழ் ஒதுங்கினாள். அங்கே அவர் நின்றிருந்தார். இருவருக்கும் நடுவே ஒரு கை தூரம் இருந்திருக்கும்.

அக்கா ஷட்டர் இழுக்கும் இரும்புக் கம்பியைக் கையில் எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். முழங்காலுக்கு மேல் ஓடியது. பாதி தூரம் போயிருப்பாள், ஒரு பஸ் வந்து அலையடித்து அவளை நிறுத்திவிட்டது. பஸ் எல்லாவற்றையும் மறைத்துக்கொண்டு மெதுவாக, மிக மெதுவாக நகர்ந்தது. அது விலகியபோது அங்கே யாரும் இருக்க மாட்டார்கள் என்றே நான் நினைத்தேன்.

பாப்பா இருந்தாள். தார்ப்பாயின் நடுவில், நனையாத இடத்தில், பையை இறக்கி வைத்து நின்றாள். அவர் தார்ப்பாய்க்கு வெளியே மழையில் நின்றுகொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை உடம்போடு ஒட்டிப்போயிருந்தது. அக்கா போய்ச் சேர்ந்து மகளின் மணிக்கட்டைப் பிடித்தாள். அவரைப் பார்க்காமலே திரும்பி நடந்தாள். கம்பியை மட்டும் இறக்கவில்லை. அவர் பின்னால் வரவில்லை.

அங்கே என்ன நடந்தது என்பதை டீக்கடைக்காரர் மறுநாள் சொன்னார். “பாப்பா வந்து, ‘அங்கிள், கொஞ்சம் தள்ளி நில்லுங்க, பை நனையுது’ன்னுச்சுக்கா. அந்தாளு மூஞ்சே செத்துப்போச்சு. ஒண்ணும் பேசாம நவுந்து மழைல போய் நின்னுகினாரு.”

அதன்பிறகு அவர் வரவில்லை. பெற்ற பிள்ளைக்கே தன்னை அடையாளம் தெரியவில்லை என்பதை அவரால் தாங்க முடியவில்லை என்று அக்கா நினைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பாப்பாவிடம் எதுவும் சொல்ல வேண்டாம் என்று பேசி வைத்துக்கொண்டோம். பொங்கல் பானை வந்தது, சீர்வரிசைத் தட்டு வந்தது, மறுபடி பொம்மை வந்தது. பாப்பா பழையபடி கடைக்கு வந்து படித்தாள். அக்காவின் பார்வை மட்டும் பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் சாலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டு வரும். பாப்பா கல்லூரியை முடித்து சிறுசேரியில் வேலைக்குச் சேர்ந்த பிறகும், டீக்கடை போய் அங்கே மொபைல் கடை வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

போன ஆடியில், ஒரு சனிக்கிழமை, அக்காவின் போனுக்கு சிங்கப்பெருமாள் கோவில் ஊரிலிருந்து ஓர் உறவினரின் அழைப்பு வந்தது. பாப்பாவின் அப்பா இறந்துவிட்டார். லீவு நாளென்று பாப்பாவும் கடையில் எங்களோடு மணி கோத்துக்கொண்டிருந்தாள். அக்கா போனைக் கீழே வைத்தாள். பிறகு செய்தியைச் சொன்னாள். சொல்லிவிட்டு, இனி மறைக்க என்ன இருக்கிறது என்று நினைத்தாளோ என்னவோ, “எட்டாவது படிக்கும்போது, ஒரு மழையில நீ டீக்கடையில ஒதுங்கினியே, அங்க நின்னவர்தான். உனக்கு அடையாளம் தெரியல” என்றாள்.

பாப்பா கையிலிருந்த நூலை முடிச்சுப் போட்டாள்.

“தெரிஞ்சுதும்மா. பார்த்த உடனேயே தெரிஞ்சுது. அப்பான்னு கூப்பிட்டா கையைப் பிடிச்சுப்பாரோன்னு பயம். அதான் அங்கிள்னு கூப்பிட்டேன்.”

 இத்தனை வருஷமும் அவளுக்குத் தெரியாமல் நாங்கள் காவல் காத்ததாக நினைத்திருந்தோம். பையைத் தலையில் பிடித்துக்கொண்டு நின்ற பதிமூன்று வயதுப் பெண், நாங்கள் பஸ்ஸுக்கு இந்தப் பக்கம் பதறிக்கொண்டிருந்த அந்த நேரத்தில், பயத்தை முகத்தில் காட்டாமல் ஒரு சொல்லைத் தேடி எடுத்திருக்கிறாள்.

“தள்ளி நில்லுங்கன்னேன். நின்னுட்டாரு” என்றாள் பாப்பா. பிறகு, மணிகளைப் பெட்டியில் கொட்டிக்கொண்டே, “எப்ப எடுக்கறாங்களாம்?” என்று கேட்டாள்.

போவது என்ற எண்ணமே அக்காவுக்கு இருந்திருக்காது. மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே போய் முகம் கழுவி, தலையை முடிந்துகொண்டு வந்து, “கிளம்பு. டிரெயின்ல போயிடலாம்” என்றாள்.